வாலு வந்தால் போன் அடிக்கும்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் மூவரும் சுகம். வேன் ஓட்டி ஓட்டி உன் அத்தானுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்ததில் இப்போது பரவாயில்லை. உன் வயிற்றெரிச்சல் எப்படி இருக்கிறது? வெறும் வயிற்றில் காபி குடிக்காதே என்றால் நீ கேட்கவா போகிறாய்.

இந்தக் காலத்தில் எவள் உட்கார்ந்து கடிதம் எழுதுவாள் என்று நீ சிரிப்பது தெரிகிறது. உன் கம்பெனி போன் பேச்சையெல்லாம் பதிவு செய்து அலசுகிறது என்று போன முறை வந்தபோது நீதான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாய். அன்றோடு போனில் உன்னிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. எங்கள் வீட்டுச் சண்டையை எவனோ ஒருவன் ஏசி அறையில் உட்கார்ந்து கேட்க வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று உன் கம்பெனி பெயர் போட்ட பெட்டி ஒன்று வந்தது. உள்ளே வாலுவுக்கு ஒரு மஞ்சள் பனியன், ஒரு தொப்பி, ஒரு கரடி பொம்மை. ‘நம் குடும்பத்தின் குட்டி நட்சத்திரத்துக்கு’ என்று ஓர் அட்டை வேறு. யாருடைய குடும்பம்? அவள் பனியனைப் போட்டுக்கொண்டு கண்ணாடியை விட்டு நகரவில்லை. அது முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

கடையில் திரும்பி வரும் சாமான்களை வாங்கும் மேசையில் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். விருந்துக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையை மறுநாள் மடித்துக் கொண்டுவந்து, “அளவு சரியில்லைங்க, தொடவே இல்ல” என்பார்கள். காலரை முகர்ந்தால் செண்டு வாசம் தூக்கி அடிக்கும். சும்மா வரும் கரடியையும் நான் அப்படித்தான் முகர்ந்து பார்ப்பேன். உங்கள் கம்பெனிக்கு என் மகளை எப்படித் தெரியும்?

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்கா,

சின்னவன் வணக்கம். வயிறு என் பேச்சைக் கேட்கிறது, நான்தான் உன் பேச்சைக் கேட்பதில்லை. அத்தானைக் கனமான பெட்டி தூக்க வேண்டாம் என்று சொல்.

கரடிக்குப் பின்னால் சதி ஒன்றும் இல்லை, போலீஸ்காரி. ஜூன் மாதம் டெலிதான் வருகிறதே, அதற்காகத்தான். நாள் முழுக்க டிவியில் பாட்டு, பேச்சு, நடுநடுவே நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளின் கதைகள். பார்க்கிறவர்கள் போன் போட்டு நன்கொடை சொல்வார்கள். வாலு நடை பழகப் போகும் பயிற்சி மையமே அந்தப் பணத்தில்தான் நடக்கிறது என்று உனக்கே தெரியும். இந்த வருஷம் போன் ஏற்பாடு முழுவதும் எங்கள் கம்பெனி, காசில்லாமல். லீவு நாளில் ஊழியர்கள் நாங்களே வந்து மேடையில் உட்கார்ந்து போன் எடுக்கப் போகிறோம். தொண்டர் அணிக்கு நான்தான் தலைவன். முதல் வரிசை, நடு நாற்காலி.

புதிதாக ஒன்று செய்திருக்கிறோம். எந்தப் பிள்ளையின் படம் ஓடும்போது போன் அதிகம் வருகிறது என்று கணினியே கவனித்து, அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போடும். போன் குறைந்தால் அதுவே வேறு படத்துக்கு மாற்றிவிடும். மனுஷன் கை படாது. நாங்கள் அதற்கு ‘மூளை’ என்று பெயர் வைத்திருக்கிறோம். போன மாதம் ஒத்திகை நடந்தபோது மையத்திலிருந்து வந்த படங்களில் நம் வாலுவும் வந்தாள். என் ஆட்களுக்கு ஒரே குஷி. பெட்டி வந்த கதை அவ்வளவுதான்.

எங்கள் மேலாளருக்கும் அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. எப்போதும் பல் தெரியச் சிரிப்பதால் அவரைப் பல்லழகர் என்போம். நல்ல மனுஷன்.

வாலுவுக்கு மாமாவின் முத்தம்.

சின்னவன்


மார்ச் 21

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று வெறுமனே எழுத முடியாது. அதற்கு மேலே ஒன்று இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

எந்தப் படம் அது? பயிற்சிக் கம்பிகளுக்கு நடுவே வாலு தொப்பென்று விழுந்து, தவழ்ந்து போய் ஊன்றுகோலை எட்டிப் பிடிப்பாளே, அதுவா? அப்போது அவளுக்கு ஐந்து வயது. “அவ முன்னேற்றத்தைப் பார்க்கத்தான் எடுக்கறோம்மா” என்றார்கள், நானும் தலையாட்டினேன். ஊரெல்லாம் பார்த்து உச்சுக்கொட்ட எடுக்கிறோம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. விழுகிற பிள்ளையைப் பார்த்து உன் ஆட்களுக்கு என்ன குஷி?

சரி, இப்போது நல்ல சேதி. வாலு நடக்கிறாள். ஊன்றுகோல் இல்லாமல்.

நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும். ஊன்றுகோல் டக்கு டக்கென்று சொல்லிவிடும். அன்றைக்குச் சத்தமே இல்லை. திடீரென்று முழங்கையை யாரோ பிடித்தார்கள். திரும்பினால் வாலு. “சத்தம் போடாம வந்தேன் பாத்தியா” என்றாள். கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டேன். உன் அத்தான் ஓடிவந்து பார்த்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். இடது கால் கொஞ்சம் இழுக்கிறது, தோணி மாதிரி ஆடி ஆடித்தான் வருகிறாள். ஆனால் வருகிறாள். கோல் இரண்டையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, “அதுங்களுக்கு வேலை முடிஞ்சுது, இனிமே லீவு” என்கிறாள். யாராவது பழைய ஞாபகத்தில் எடுத்துக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

எனக்கு இருக்கும் சந்தோஷத்தில் உன் மூளையைக்கூட மன்னித்துவிடலாம் போலிருக்கிறது.

உன் அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சௌக்கியம்தானே. பதில் எழுத நாளாகிவிட்டது. வேலை கழுத்தைப் பிடிக்கிறது.

வாலு நடக்கிறாள் என்று படித்து நானும் அழுதேன். அத்தானிடம் சொல்லாதே, கிண்டல் செய்வார்.

அக்கா, ஒரு பெரிய வாய்ப்பு வந்திருக்கிறது. டெலிதானில் வாலுவை மேடைக்கே கூப்பிடுகிறார்கள். முதலில் அவள் படம் ஓடும், பிறகு அவளே உள்ளே வருவாள். உனக்கும் அவளுக்கும் கார், தங்க அறை, எல்லாம் கம்பெனிச் செலவு. மொத்த நாட்டிலும் ஒரே ஒரு பிள்ளையைத்தான் இப்படி அழைக்கிறார்கள். மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

பனியன் பெரிதாக இருக்கிறது என்றாயே, அவள் உயரத்தை அளந்து எழுது. சரியான அளவில் அனுப்பச் சொல்கிறேன். அப்புறம், அந்த ஊன்றுகோல்களைத் தூக்கிப் போட்டுவிடாதே. பத்திரமாக இருக்கட்டும்.

சின்னவன்


ஏப்ரல் 24

தம்பி,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு மாதம் பதில் இல்லை. வந்த பதிலில் அவள் நடந்ததற்கு ஒரு வரி, மேடைக்குப் பத்து வரி. ஊன்றுகோலுக்குக் கடைசி வரி. என் மேசைக்கு வருபவர்களும் இப்படித்தான். வெயில், மழை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பேசிவிட்டு, கிளம்பும்போதுதான் உடைந்த சாமானைப் பையிலிருந்து எடுப்பார்கள்.

கேட்கிறேன், சொல். நடக்கிற பிள்ளைக்கு ஊன்றுகோல் எதற்கு? ஆண்டுக்கணக்காக எத்தனையோ பிள்ளைகள் அந்த மையத்துக்கு வந்துபோகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு என் வீட்டுக் கதவை ஏன் தட்டுகிறார்கள்? ‘மூளையே தேர்ந்தெடுத்தது’ என்று எழுதாதே. உன் மூளைக்கு என் மகளின் மேல் என்ன தனிப் பாசம்?

உன் அத்தான் போகலாம் என்கிறார். அவருக்கு டிவி என்றால் போதும். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

இதற்குக் கீழே வாலு எழுதியிருக்கிறாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

உன் அக்கா

மாமா, நான் செவுத்துல கோடு போட்டு அளந்தேன். நூத்திப் பதினெட்டு. அப்பா பிடிக்காம நானே நேரா நின்னேன். பனியன் இல்ல, பாக்கெட் வெச்ச கவுன் அனுப்பு. வாலு.


மே 12

அன்புள்ள அக்கா,

நலம்தானே. இங்கே வெயில் தாங்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். மூளைதான் தேர்ந்தெடுத்தது, அதை எழுதாதே என்றால் நான் என்ன செய்வேன்? ஒத்திகையில் வாலுவின் படத்துக்குத்தான் போன் அதிகம் வந்தது. யாரும் சிபாரிசு செய்யவில்லை.

ஊன்றுகோல் ஒன்றும் பெரிய விஷயமில்லை. மேடைத் தரை கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும். அவள் பாதுகாப்புக்காகத்தான். உள்ளே வந்து ஒரு நிமிஷம் நிற்கப்போகிறாள், அவ்வளவுதானே. கவுன் தைக்கச் சொல்லியிருக்கிறேன், பாக்கெட் வைத்து.

அவசரமாக எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

சின்னவன்


மே 16

தம்பி,

தரை வழுக்கினால் தரையைத் துடையுங்கள். பிள்ளையிடம் ஏன் குச்சியைக் கொடுக்கிறீர்கள்?

நான் மையத்துக்கே போய்விட்டேன். பயிற்சி கொடுக்கும் பிசியோ அம்மாவை உனக்குத் தெரியுமே, வாலுவை இத்தனை வருஷம் திட்டித் திட்டி நடக்க வைத்தவர். மேடையைப் பற்றிக் கேட்டதும் அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, பந்துகளை அடுக்கிக்கொண்டே பேசினார். “உங்க இஷ்டம்தாம்மா. நான் போங்கன்னும் சொல்லமாட்டேன், போகாதீங்கன்னும் சொல்லமாட்டேன்” என்றார். கடைசிப் பந்தை வைத்துவிட்டு, “இந்த வருஷம் பணம் குறைஞ்சா சாயங்கால வகுப்பை நிறுத்தணும்னு பேசிக்கறாங்க” என்றார். வாலு சாயங்கால வகுப்பில்தான் இருக்கிறாள். நான் மாட்டேன் என்றால் முதலில் யார் பெயரை எடுப்பார்கள்? அவள் நடக்க ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இப்போது பயிற்சி நின்றால் கோலை எடுக்க மறுபடி கட்டிலுக்கு அடியில்தான் கையை விட வேண்டும். அந்தப் பயத்தில் எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்றையும் அந்த அம்மா வாய்தவறிச் சொன்னார். உங்கள் அலுவலகத்துப் பெண் யாரோ போன் செய்து, “ஒத்திகையில அவ மாமா டீம்தான் ஃபுல்லா அடிச்சுது, செம சிரிப்பு” என்றாளாம். என்னிடம் மனுஷன் கை படாது என்று எழுதினாய். போன் அடித்தது யாருடைய கை?

பதில் வரும்வரை நான் எதற்கும் சரி சொல்லமாட்டேன்.

அக்கா


ஜூன் 1

அக்கா,

நலம் விசாரிக்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், சாப்பிடுகிறாயா?

ஒத்திகையில் எங்களில் பாதிப் பேர் போன் எடுக்கும் மேசையில் உட்கார்ந்தார்கள். மீதிப் பேரை மேல்மாடிக்கு அனுப்பினார்கள், வீட்டில் டிவி பார்க்கிறவர்கள் மாதிரி நடிக்க. எந்தப் படம் மனசைத் தொடுகிறதோ அதற்குப் போன் அடிக்க வேண்டும். அதை வைத்துத்தான் மூளை கற்றுக்கொள்ளும். நான் மாடியில் இருந்தேன். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் யோசித்து யோசித்துத்தான் அடித்தோம். வாலு திரையில் வந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “டேய், அது என் அக்கா பொண்ணுடா” என்று கத்திவிட்டேன். அவ்வளவுதான். என் பயல்கள் ஒருத்தன் விடாமல் அடித்தார்கள், வைத்துவிட்டு மறுபடியும் அடித்தார்கள். எனக்காக அடித்தார்கள், அக்கா, ஒரு கூத்துக்கு. அதை மூளை எப்படிக் கண்டது? ஒரு பிள்ளை விழுந்து ஊன்றுகோலைத் தேடுவதைப் பார்த்து மனிதர்கள் உருகிவிட்டார்கள் என்று அது எடுத்துக்கொண்டது. இப்போது எதைக் கேட்டாலும் அவளைத்தான் முதலில் நிறுத்துகிறது.

பல்லழகர் என் தோளில் கை போட்டு, “உன் வீட்டிலேயே ஒரு பொக்கிஷம் வெச்சிருக்கியேப்பா” என்றார். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது சொன்னால் ஒத்திகை முழுவதும் செல்லாது என்று ஆகிவிடும்.

உன்னிடம் மறைத்தது இன்னொன்றும் இருக்கிறது. வருஷக் கடைசிக்குள் எங்கள் பிரிவில் பாதிப் பேரை அனுப்பிவிடுவார்கள். போன் எடுக்கும் வேலையையும் மூளையே செய்யப் போகிறதாம். டெலிதான் நல்லபடியாக முடிந்தால் எனக்கு ஓர் இடம் இருக்கும் என்று பல்லழகர் சொல்லியிருக்கிறார். படத்தில் ஊன்றுகோல் இருக்கிறதே, நேரில் இல்லாவிட்டால் பார்க்கிறவர்கள் குழம்பிவிடுவார்கள் என்கிறார்.

முடிவு உன்னுடையது.

சின்னவன்


ஜூன் 5

தம்பி,

உன் கடிதத்தைப் படித்ததும் வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் காதைப் பிடித்துத் திருகியிருப்பேன். உனக்கு வேலை போய்விடும் என்ற பயம் இருக்கிறது என்றால் முதல் கடிதத்திலேயே எழுத வேண்டியதுதானே. அக்காவிடம் கேட்க வெட்கம், அக்கா மகளை மேடையில் நிறுத்த வெட்கமில்லையா?

வரவே கூடாது என்றுதான் இருந்தேன். அத்தானும் நானும் தாழ்ந்த குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். வாலுவுக்குக் காது பாம்புக் காது. வந்து நடுவில் நின்றுகொண்டு, “நான் போறேன். டிவியில நான் விழற படத்தைக் காட்டுவாங்கன்னா, நடக்கறதையும் காட்டட்டும்” என்றாள்.

வருகிறோம். ஊன்றுகோல் வராது. எவனாவது அவள் கையில் ஒன்றைத் திணித்தால் நேரலை என்றும் பார்க்கமாட்டேன், அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவேன். இதை உன் பல்லழகரிடம் சொல்லிவிட்டேன் என்று எனக்கு எழுது.

அக்கா


ஜூன் 22

தம்பி,

ஊர் வந்து சேர்ந்தோம். சுகம்தான்.

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. ஏன் போடவில்லை என்று அங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

கண்ணாடியைச் சுற்றி பல்பு எரியும் ஓர் அறையில் எங்களை உட்கார வைத்தார்கள். நாற்காலியில் சாய்ந்தபடி இரண்டு புது ஊன்றுகோல். மஞ்சள் நிறம், உங்கள் பனியனின் அதே மஞ்சள். உங்கள் கம்பெனி முத்திரை வேறு. காதில் மைக் மாட்டிய ஒரு பெண், “பாப்பாக்கு மேட்சிங்கா செஞ்சிருக்கோம்” என்றாள். நான் ஒன்றை எடுத்து வாலுவின் அருகில் நிறுத்திப் பார்த்தேன். அக்குளுக்குக் கீழே கனகச்சிதமாகப் பொருந்தியது. வீட்டிலிருக்கும் பழைய கோல் அவளுக்குக் குட்டையாகி வெகுநாளாயிற்று. பனியனுக்கு என்று உயரம் கேட்டாயே, தம்பி. உலகத்துப் பொய்யையெல்லாம் முகர்ந்து பார்த்தவள், என் மகளின் கையெழுத்தில் அந்த உயரம் போனதைக் கோட்டை விட்டுவிட்டேன்.

“இவ நடப்பா” என்றேன்.

“தெரியும் மேடம். ஆனா இப்போ படத்துல இருக்கற மாதிரியே வந்தாத்தான் நல்லா இருக்கும். பாதி தூரம் போதும்.”

எனக்கு முன்னால் வாலு பேசிவிட்டாள். “ஆன்ட்டி, கலர் நல்லா இருக்கு. நீங்க வெச்சுக்கோங்க” என்று இரண்டையும் அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்தாள். அவள் கை இரண்டும் நிறைந்து நிற்பதற்குள் கதவு திறந்துவிட்டது, வாலு போய்விட்டாள்.

நான் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து மேடையில் பாதி தெரியவில்லை. வாலுவின் முதுகு தெரிந்தது, உங்கள் மேசைகள் தெரியவில்லை. அவள் விழும் படம் ஓடியபோது போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் உள்ளே நடந்தாள். மழை விட்ட மாதிரி எல்லாம் அடங்கிப்போனது. நிகழ்ச்சி நடத்தியவர் ஒரு வார்த்தை பேசினார், உடனே வேறு பிள்ளையின் படம் வந்துவிட்டது, அவளை இறக்கிவிட்டார்கள். திரும்பிப் போகக் காரும் இல்லை. பின்வாசல் வழியாக வந்து ரயிலைப் பிடித்தோம். உன்னைப் பார்க்க எனக்கு மனமில்லை.

ஒரே ஒரு தடவை நேராகச் சொல். போன் நின்றுபோனதா? ஏன்?

அக்கா


ஜூன் 30

அக்கா,

நின்றுபோனது.

நீ சொன்ன நிபந்தனையை நான் பல்லழகரிடம் சொல்லவில்லை. உயரத்தைக் கொடுத்ததும் நான்தான். நீங்கள் வந்தவுடன் எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று இருந்தேன்.

அவள் விழும் படத்துக்கு எல்லா மேசையும் அடித்தது, இந்தத் தடவை உண்மையான ஆட்கள். மஞ்சள் கவுனில் அவள் கைவீசிக்கொண்டு வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கிவிட்டது. புதிதாக ஒரு போன்கூட வரவில்லை. போன் குறைந்தால் படத்தை மாற்றத்தானே அதற்குச் சொல்லிக் கொடுத்தோம், மாற்றிவிட்டது. பல்லழகர் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். “நடக்கற பிள்ளைக்கு எவன்ப்பா போன் பண்ணுவான்” என்றார். வாலுவின் காதில் இது எந்த வழியிலும் விழக்கூடாது, அக்கா. அவளிடம் வேறு ஏதாவது சொல்லிவை.

அன்று சாயங்காலமே ஒத்திகையில் நடந்ததை அவரிடம் சொல்லிவிட்டேன். என்ன ஆகும் என்று தெரியவில்லை. அணித் தலைவன் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

அவள் நடந்துவந்தபோது நான்

(இதற்குக் கீழே இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறேன். கண்டுகொள்ளாதே.)

சின்னவன்


ஜூலை 7

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் அத்தானின் முதுகும் நலம். நீ ஒல்லியாகிவிட்டாய் என்று வாலு சொல்கிறாள். மேடையில் அவளுக்கு நின்று நிதானமாகப் பார்க்க நேரம் இருந்திருக்கிறது.

போன வாரம் மையத்தில் வாலுவின் சாயங்கால இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். நினைத்தது நடந்துவிட்டது, பழிவாங்குகிறார்கள் என்று கடையில் சொல்லிக்கொள்ளாமலே சண்டைக்குக் கிளம்பிப் போனேன். பிசியோ அம்மா நான் கத்தி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அவ நடக்கறாம்மா. மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்” என்றார். வாலுவின் இடத்துக்கு வந்திருந்த சின்னப் பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். திரும்பி வரும் சாமான்களை வாங்கியே பழகிவிட்டது. ஒன்று சரியாகி வெளியே போனால் எனக்கு அடையாளம் தெரிவதில்லை.

நீ வாலுவிடம் வேறு ஏதாவது சொல்லிவைக்கச் சொன்னாய். என்ன சொல்லலாம் என்று நாலு நாள் யோசித்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் உன் அத்தானிடம் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். வந்ததிலிருந்து இது எத்தனையாவது தடவையோ, நான்தான் உன் மேல் இருந்த கோபத்தில் காது கொடுக்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“நான் உள்ள போனேனா, எல்லாரும் போன்ல கத்திட்டே இருந்தாங்கப்பா. நான் நடந்தேன். உடனே எல்லாரும் போனை வெச்சுட்டாங்க. யாருமே பேசல. மாமா எழுந்து நின்னாரு. அப்புறம் மஞ்சப் பனியன் போட்டவங்க எல்லாரும் எழுந்து நின்னாங்க. யாரும் போனைத் தொடவே இல்ல, என்னையேதான் பார்த்தாங்க. மாமா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

“எதுக்கு எழுந்தாங்களாம்?” என்று கேட்டார் அத்தான்.

“பின்ன? நான் நடக்கறேன் இல்ல?”

நீ அடித்த இரண்டு வரி என் எதிரில்தான் இருக்கிறது. உன் பேனாவுக்கு அவ்வளவு பலமில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோனால் படித்துவிடலாம். கொண்டுபோகவில்லை.

வேலை போனால் போகட்டும், பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கே வா. கொஞ்ச நாள் திட்டுவேன், அப்புறம் சோறு போடுவேன். என்ன ஆயிற்று என்று மறைக்காமல் எழுது.

அந்த மேடையைப் பற்றி மட்டும் இனி எதுவும் எழுத வேண்டாம். அவள் சொன்னதை நான் நம்பிவிட்டேன்.

உன் அக்கா